மயிரிழை இடைவெளி

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபொழுது, பழைய மாணவர் வழக்கமாக எழுதும் விடயங்களையே நாமும் முதலில் எண்ணிப் பார்த்தோம். விடுதிச் சோற்றைப் பற்றியும், துடுப்பாட்டத்தில் அடைந்த வெற்றி தோல்விகளைப் பற்றியும், பிரம்பெடுத்த ஆசிரியர்களின் பெருமை பற்றியும் எம்மிலும் நன்றாக எழுதவல்லோர் பலர் உளர். நாமோ வாழ்நாளில் பெரும்பகுதியை இரும்போடும் அரத்தோடும் கழித்தவர். ஆதலின் அவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம். 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, அவுஸ்திரேலியாவில், சிட்னி நகரின் மேற்குப் புறத்தில், எமது வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டுக் கராஜில் இருந்து ஒரு சுழல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய வரலாறு இது. விஞ்ஞானப் பிரிவு மாணவர்க்கு இதனாற் சிறிது பயன் விளையலாம். ஏனையோர் இலக்கங்களைத் தாண்டிச் சென்றாலும் எமக்கு மனக்குறையில்லை.

சாதாரண மோட்டார் வண்டியின் எஞ்சினில், உருளைக்குள்ளே முசலம் மேலும் கீழுமாக ஓடுகின்றதென்பதை யாவரும் அறிவர். ஜேர்மனியரான பெலிக்ஸ் வாங்கெல் என்பார் கண்ட எஞ்சினில் முசலமும் இல்லை, வால்வும் இல்லை. கச்சான் கோதை நெடுக்காகப் பிளந்தால் இடை சிறுத்த ஒரு நீளுருவம் தோன்றுமன்றோ? ஏறக்குறைய அவ்வுருவான ஓர் உறையினுள்ளே, பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று மையம் விலகிச் சுழல்கின்றது. அதன் மூன்று முனைகளும் எந்நேரமும் உறையின் சுவரைத் தடவியவண்ணமே செல்லும். சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகி, ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சி, நெருக்கி, எரித்து, புகையை வெளியேற்றும். தண்டு மூன்று சுற்றுச் சுற்றச் சுழலி ஒரு சுற்றே சுற்றும். இத்தகைய எஞ்சின் முதன்முதலாக 1957 ஆம் ஆண்டிலே நெக்கர்சுல்ம் என்னும் ஊரிலுள்ள என்.எஸ்.யூ. தொழிற்சாலையில் இயங்கிற்று.

கேட்பதற்கு எளிது. ஆனால் அறைகளை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு பிரித்து அடைப்பது? முசலம் வட்டமானது, வட்டத்தை அடைக்க வட்ட வளையங்கள் போதும். முக்கோணச் சுழலிக்கோ முனைகளில் மூன்று நேர்த்தகடுகளும், இரு பக்கங்களிலும் மும்மூன்றாக ஆறு வளைந்த கீற்றுகளும், இவை வந்து கூடும் இடங்களில் ஆறு சிறு உருளைகளும் வேண்டும். தொழிலாளர் இவற்றை முனைச் சீல், பக்கச் சீல், மூலைச் சீல் என்பர். நாமும் அவ்வாறே வழங்குவோம். ஒரு சுழலிக்குப் பதினைந்து, இரு சுழலி எஞ்சினுக்கு முப்பது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மெல்லிய வில் இருந்து அதனை வெளியே தள்ளும். அந்த எஞ்சினின் உயிர் முழுவதும் இந்த முப்பது இரும்புத் துண்டுகளிலேயே தங்கியிருக்கின்றது.

இதனை அறியாது கெட்டவர் பலர். என்.எஸ்.யூ. நிறுவனத்தார் 1967 இல் வெளியிட்ட ஆர்.ஓ.80 என்னும் அழகிய வண்டியின் முனைச் சீல்கள் விரைவில் தேய்ந்தமையால், எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே அந்நிறுவனம் இளைத்துப் போயிற்று. அவ்வண்டிக்காரர் இருவர் வீதியில் எதிர்ப்பட்டால், வணக்கஞ் சொல்வதற்குப் பதிலாகத் தத்தம் வண்டிக்கு இதுவரை மாற்றிய எஞ்சின்களின் தொகையை விரல்களால் உயர்த்திக் காட்டுவர் என்று ஒரு கதை சொல்வதுண்டு. ஹிரோஷிமாவிலுள்ள டோயோ கோக்யோ நிறுவனம், அதாவது இன்றைய மஸ்டா, 1961 இல் உரிமம் பெற்று இதே தொல்லையில் அகப்பட்டது. சுவரிலே அலை அலையாய் விழுந்த கீறல்களைப் பிசாசின் நகக்கீறல் என்று அங்குள்ளோர் அழைத்தனர். கெனிச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் நாற்பத்தேழு பொறியியலாளர் இரவு பகலாக முயன்று, அலுமினியம் ஊட்டிய காபன் சீல்களால் அதனை வென்று, 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் என்னும் வண்டியை வெளியிட்டனர். 1991 இல் பிரான்சின் லே மான் இருபத்துநான்கு மணி ஓட்டப்போட்டியில் அவர்களது நான்கு சுழலி வண்டி முதலிடம் பெற்றது. அவுஸ்திரேலியரும் இந்த எஞ்சினிடத்துப் பெரும் பித்துக் கொண்டவர். 1983 இல் அலன் மொஃபற் என்பவர் அந்நாட்டுச் சுற்றுலா வண்டி ஓட்டத்தின் ஆண்டு வெற்றிப் பட்டத்தை மஸ்டா ஆர்.எக்ஸ்.7 வண்டியிலேயே பெற்றார்.

எமது தோழரும் அங்குச் சென்ற பின்னர் அப்பித்துக்கு ஆளானவரே. கல்லூரியிற் பௌதிக ஆய்வுகூடத்தில் நாமிருவரும் ஒரே மேசை. நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கையிலெடுத்தால் முதலிற் பூச்சிய வழுவைப் பார்த்து எழுதாதவன் மேற்கொண்டு எதையும் அளக்கக் கூடாதென்பது எமது ஆசிரியரின் கட்டளை. நாம் பின்னர் தொழில்நுட்பக் கல்வியில் போதனாசிரியராகி ஊரிலேயே இருந்துவிட்டோம். அவர் 1987 இல் சிட்னிக்குச் சென்று, ஓய்வுபெறும் வரையும் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவிற் கடமையாற்றினார். மது, புகை ஒன்றுமில்லாத அம்மனிதரின் ஒரே ஆடம்பரம், 1994 இல் பழையதாக வாங்கிய ஒரு ஆர்.எக்ஸ்.7. அதிலிருப்பது 13பி என்னும் எஞ்சின். சுழலிக்கு 654 கன சென்ரிமீற்றராக இரு சுழலிக்கு 1308.

நாம் மகள் வீட்டிலே மூன்று மாதம் தங்கச் சென்றபோது தோழரைக் காணப் போனோம். நான்கு ஆண்டுகளாக அவருக்குக் கைநடுக்க நோய். தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் தட்டு கலகலக்கும். சாரதி உரிமத்தைத் தாமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டி கராஜிலே துணி போர்த்துக் கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலைத்தலத்திற் கொடுத்து எஞ்சினைப் பூட்டுவித்ததாகவும், அதன் பின் சூடேறினால் மீண்டும் இயக்க மறுப்பதாகவும், இறுதியில் அடியோடு நின்றுவிட்டதாகவும் சொன்னார். இனி எவரிடமும் அதனைக் கொடுக்க அவர் ஒருப்படவில்லை. மகன் தனது சம்பளத்திற் சேமித்து ஒரு தொகுதிச் சீல்கள் வாங்கி வைத்திருந்தான். ஒரே ஒரு தொகுதி. பிழைத்தால் இன்னொன்று வாங்க அவனுக்கு அடுத்த ஆண்டுதான் முடியும்.

“மச்சான், என்ரை மண்டை இருக்கு, உன்ரை கை இருக்கு, பெடியன்ரை கண் இருக்கு. மூண்டும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக்” என்றார்.

நாம் சுழல் எஞ்சினைத் தொட்டறியோம். எனினும் அரம் பிடிக்கத் தெரியும் என்ற துணிவில் இசைந்தோம்.

எஞ்சினைப் பிரித்தபோது வருத்தத்தின் காரணம் விளங்கிற்று. முன் சுழலியிலே இரு பக்கச் சீல்கள் தம் மூலைச் சீல்களை முட்டி நெருக்கியிருந்தன. 0.02 மில்லிமீற்றர்த் தகடும் இடையே நுழைய மறுத்தது. எஞ்சின் சூடேறச் சீல் நீளும். நீளுவதற்கு இடமில்லையெனில் மூலைச் சீலைத் தன் குழியிலே இறுக்கிப் பிடிக்கும். அடியிலுள்ள வில் தள்ளினாலும் அது எழாது. அறையின் அழுத்தம் அவ்வழியே ஒழுகிவிடும். அதே சுழலியின் மறுபக்கத்தில் ஓரிடத்தின் இடைவெளி 0.26. பழைய சீல்கள் பன்னிரண்டையும் தோழர் சொற்படி ஒரு தட்டையான இரும்பின்மேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டும் ஒரே நீளம்! ஒன்றை அளந்து அராவி, மற்றப் பதினொன்றையும் அதன் அளவுக்கு வெட்டிப் போட்டிருந்தனர். தோழர் கோபிக்கவில்லை. “வேகமா வேலை செய்திருக்கிறாங்கள்” என்று மாத்திரஞ் சொன்னார்.

பக்கச் சீலை அளக்கும் முறை வருமாறு. சுழலியின் தவாளிப்பிலே படிந்த கரியை முற்றாக நீக்கி, மூலைச் சீல்களை அவற்றின் குழிகளில் இருத்தி, பக்கச் சீலைத் தவாளிப்பில் வைத்து, ஒரு மூலைச் சீலோடு ஒட்டத் தள்ளவேண்டும். மற்ற முனைக்கும் அங்குள்ள மூலைச் சீலுக்கும் இடையே தோன்றும் வெளியை அளவுத் தகடுகளால் அளக்கவேண்டும். அது 0.05 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை இருத்தல் முறை. ஒரு தலைமயிரின் பருமனே ஏறக்குறைய அவ்வளவுதான். புதுச் சீல் சற்று நீளமாகவே வரும். அதனை அராவிக் குறைத்தல் வேண்டும். மூலைச் சீல் உருளை வடிவினதாதலால், பக்கச் சீலின் முனையும் அதற்கிசைந்த உருவில் அமைந்திருக்கும். அராவும்போது நீளம் குறையவேண்டும், உருவம் கெடலாகாது.

பழகியதன் எல்லை 0.40 எனக் கைந்நூலில் உண்டு. இந்த எல்லை என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடித் தேய்ந்த எஞ்சினை இன்னும் வைத்திருக்கலாமா, நீக்கவேண்டுமா என்று தீர்மானிப்பதற்கே அது தரப்பட்டது. புதிதாகப் பூட்டுபவன் அதனைத் தனக்குக் கிடைத்த அனுமதியாகக் கொள்ளுதல் கூடாது. 0.26 எல்லைக்குட்பட்டதுதானே என்று வாதிப்பவரோடு நாம் வாதிடமாட்டோம். ஆயினும் அவரிடம் எமது எஞ்சினைக் கொடுக்கவும் மாட்டோம்.

தோழர் 0.07 ஐக் குறியாகக் கொள்ளுமாறு சொன்னார். ஒரு கொப்பியிலே ஒன்று முதல் ஆறு வரை முன் சுழலிக்கும், ஏழு முதல் பன்னிரண்டு வரை பின் சுழலிக்குமாக இலக்கமிட்டோம். எந்தச் சீல் எந்தத் தவாளிப்பில் அளக்கப்பட்டதோ அதிலேயே இறுதிவரை இருக்கவேண்டும். முட்டை அடுக்கும் தட்டு ஒன்றின் குழிகளில் இலக்கமெழுதி மூலைச் சீல்களையும் வில்களையும் இட்டு, உரிய பக்கச் சீலை அருகே வைத்தோம். இதற்கு அதனிலும் நல்ல பெட்டி கிடையாது.

முதலாம் இலக்கச் சீலை எடுத்து மென்மையான அரத்தில் மூன்று முறை இழுத்து, வைத்து அளந்தோம், நுழையவில்லை. மீண்டும் மூன்று, 0.03 நுழைந்தது. இன்னும் இருமுறை இழுத்தபின் 0.05 முனையிற் பிடித்துக்கொண்டு நின்றது. மேலும் அராவ எடுத்த கையைத் தோழர் நிறுத்தினார். நாற்காலியிலே கம்பளியாற் போர்த்துக்கொண்டு இருந்தவர் கேட்டது ஒரு கேள்விதான்: “எவ்வளவு நேரமாக் கையில வைச்சிருக்கிறாய்?”

ஆடி மாதம் அங்கே குளிர்காலம். அன்று கராஜிலிருந்த வெப்பமானி ஒன்பது பாகை காட்டிற்று. சுழலி அக்குளிரிலே கிடந்தது. சீலோ எமது விரல்களின் சூட்டில் இருந்தது. நூறு மில்லிமீற்றர் நீளமான இரும்பு பத்துப் பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.01 மில்லிமீற்றர் நீளும். கையிற் பிடித்த சீல் நீண்டு, இடைவெளியைச் சிறிதாகக் காட்டும். அதை நம்பி அராவினால், ஆறிய பின் இடைவெளி மிஞ்சிவிடும்; அராவிப் போன இரும்பை எவர் ஒட்டுவார்? கல்லூரியில் நீள விரிவுக் குணகத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். அறுபது ஆண்டுகளின் பின் ஒரு கராஜிலே அது எம் விரல் நுனியில் வந்து நின்றது. சீலைச் சுழலியின்மேலேயே கால் மணி நேரம் கிடத்தி, இடுக்கியால் எடுத்து வைத்து அளந்தோம். 0.05 தாராளமாக நுழைந்தது, 0.06 மெல்லத் தயங்கிச் சென்றது. பின்னர் ஒரே ஓர் இழுப்பு.

அன்று முதல் இரு சீல்களை மாறி மாறி வேலை செய்தோம். ஒன்று ஆறும்போது மற்றது அரத்தில். இவ்வாறு நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் முடியவில்லை. வேகமாகப் பூட்டியோர் பன்னிரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டியது ஏனென்று அப்போது விளங்கிற்று.

அளவுத் தகட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 0.07 என்று தகட்டில் எழுதியிருப்பது ஒரு பகுதி; அது நுழையும்போது கையில் உணரும் பிடி மறுபகுதி. தோழர் தம் கையாற் பிடித்துப் பார்க்க இயலாது. நடுங்கும் கையிலே தகடு எப்போதும் இறுக்கமாகவே தோன்றும். ஆகவே எமது கை அறிந்ததை நாம் சொல்லில் வைத்து அவருக்குக் கொடுக்கவேண்டியதாயிற்று. “எப்பிடிப் போகுது?” என்பார். “இறுக்கம்” என்றால் ஒப்பமாட்டார். கொப்பிக்கு அடியில் இருந்து தாளை இழுப்பது போலவா, நெய் பூசிய கத்தி போலவா, சட்டைப் பையிற் காசு விழுவது போலவா என்று கேட்பார். காசு விழுவது போலெனில் மிஞ்சிவிட்டது. தாளை இழுப்பது போலெனில், “சரி, எழுது தம்பி” என்று மகனுக்குச் சொல்வார். நாற்பது ஆண்டு போதனாசிரியராயிருந்தும், கை உணர்வதை இவ்வாறு பகுத்து மாணவர்க்கு நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. பிடித்துப் பார், தெரியும் என்பதே எமது பாடமாக இருந்தது. பிடித்துப் பார்க்க முடியாத ஒருவரிடமிருந்தே இப்பாடத்தைக் கேட்க நேர்ந்தது.

ஆறு சீல்கள் முடிந்ததும் தோழர், “மச்சான், நீ போய் இரு” என்று இன்னொரு நாற்காலியைக் காட்டினார். மகன் எம்மைப் பார்த்தான். அவன் கணக்காளர் வேலை பார்ப்பவன், அரம் பிடித்தறியான்.

“மாமா, ஒரே ஒரு செற்தானே இருக்கு. நீங்களே செய்து முடியுங்கோவன்.”

நாமும் அதையே விரும்பினோம் என்பதை மறைப்பானேன்? எமக்குத் திரும்ப மூன்று வாரமே இருந்தது, கையும் பழகிவிட்டது, பின் சுழலியும் முன்னதைப் போலவே முடிந்துவிடும். ஆனால் தோழர் இணங்கவில்லை. பழைய சீல்களில் ஒன்றை அவனிடங் கொடுத்து, ஒரு மாலை முழுவதும் அதனை அராவச் செய்தார். முனையின் உருவத்தைப் பூதக்கண்ணாடியாற் பார்த்து, தேய்ந்த பக்கம் எது, அழுத்தம் எந்த விரலிற் கூடியது என்று அவனையே சொல்லச் செய்தார். மறுநாட் காலை ஏழாம் இலக்கச் சீலை அவன் கையிற் கொடுத்தார். நாமிருவரும் நாற்காலிகளில் இருந்தோம். அன்றைய பொழுது எமக்குக் கடந்த விதத்தைப் பரீட்சை மண்டபத்திற்கு வெளியே பெற்ற பிள்ளைக்காகக் காத்திருந்தவர் அறிவர். மாலையில் அவன், “தாள் இழுக்கிற மாதிரி, அப்பா. 0.07” என்றான். தோழர் எம்மைப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், அவன் சொன்னது சரியே.

ஏனைய பரிசோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். முனைச் சீலின் புதிய உயரம் 8.0 மில்லிமீற்றர், 6.5 ஆகத் தேய்ந்தால் நீக்கவேண்டும். தவாளிப்பில் அதன் இடைவெளி 0.062 முதல் 0.102 வரை, எல்லை 0.15. அதனை ஒரே இடத்தில் அளந்து திருப்திப்படலாகாது. தவாளிப்பு வாயிலே அகன்று அடியில் ஒடுங்கியிருக்கக் கூடும். முனைச் சீலின் நீளம் உறையின் அகலத்திலும் 0.13 முதல் 0.17 வரை குறைந்திருக்க வேண்டும். இரும்புப் பக்க உறைகளின் வளைவு 0.04 க்கு மேற்படலாகாது. எமது எஞ்சினில் இவையாவும் நன்றாகவே இருந்தன. மூலைச் சீல் இறுகிய இடத்தில் மாத்திரம் பக்க உறையிலே மெல்லிய கீறல் ஒன்று இருந்தது, நகத்துக்குத் தட்டுப்படாத அளவில். பூட்டும்போது சீல்கள் விழாமலிருக்க வாசலீன் பூசி ஒட்டுவது வழக்கம். சமையலறையிலிருந்த நெய்யாற் செய்யலாமோ என்று தோழரின் மனைவியார் கேட்டது நகைப்புக்காகத்தான் என நம்புகின்றோம்.

எல்லாவற்றையும் அடுக்கி நீண்ட ஆணிகளால் இறுக்கிய பின், தண்டின் நெடுக்கசைவை அளந்தோம். 0.04 முதல் 0.07 வரை இருக்கவேண்டியது 0.05 ஆக இருந்தது. வண்டியில் ஏற்றி, தீப்பொறிச் செருகிகளின் துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தினோம். நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்திற் சதுர சென்ரிமீற்றருக்கு 6.0 கிலோகிராமிற் குறைந்தால் எஞ்சினை மறுபடி பிரிக்கவேண்டும். ஒரு சுழலியின் மூன்று அறைகளிடையேயும் வேறுபாடு 1.5 ஐத் தாண்டலாகாது. முன் சுழலி 7.1, 7.3, 7.2. பின் சுழலி 6.9, 7.2, 7.1. சீல்கள் சுவரோடு இன்னும் பழகவில்லையாதலால் இவை பின்னர் உயருமெனத் தோழர் சொன்னார். சூடேறிய பின் நிறுத்தி மீண்டும் இயக்கினோம். முதல் திருப்பிலேயே எழுந்தது. அந்த வேலைத்தலத்தார் பூட்டிய நாள் முதல் அவ்வாறு எழுந்ததில்லையாம்.

நாம் ஊர் திரும்பி மூன்று மாதத்தின் பின் மகன் எழுதிய கடிதம் வந்தது. ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் அளந்தானாம். ஆறு அறைகளும் 8.0 க்கு மேல், வேறுபாடு 0.3. அளந்த அன்று மாலை தகப்பனாரைப் பக்கத்து ஆசனத்தில் இருத்தி நீலமலைப் பக்கமாக ஓட்டிச் சென்றதாகவும், அவர் வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டே வந்ததாகவும் எழுதியிருந்தான். நித்திரையென எண்ணினானாம். மலையேற்றத்தில் எஞ்சினின் ஒலி உயர்ந்தபோது அவர் கண் திறவாமலே, ஏழாம் இலக்கத்தின் இடைவெளி எவ்வளவு என்று கேட்டாராம். 0.07 என்றானாம். சரி என்றாராம்.